மிஸ்த்ரால் காற்றும் உருண்டைக் கற்களும்: ஷாத்தோநெஃப்-தூ-பாப் ஆர்கானிக் சிவப்பு ஒயின் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில், ஷாத்தோநெஃப்-தூ-பாப் என்னும் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இயற்கை வேளாண்மையில் விளைந்த திராட்சையிலிருந்து எடுக்கப்படும் சிவப்பு ஒயினைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ரசாயனம் இல்லாமல் திராட்சை வளர்ப்பது தோட்டக்காரரின் மன உறுதியால் மட்டும் நடந்துவிடும் காரியம் அன்று. அந்த உறுதிக்கு மண்ணும் காற்றும் இடம் கொடுக்க வேண்டும். அப்படி இடம் கொடுத்த ஊர் இது என்பதால்தான் இதையே எடுத்துக்கொண்டோம்.

இந்த ஒயின் எங்கே விளைகிறது? இப்பெயர் எப்படி வந்தது?

அவிஞ்ஞோன் நகருக்கும் ஓராஞ்ஜ் நகருக்கும் இடையே, ரோன் ஆற்றின் இடது கரையில், வோக்லூஸ் மாவட்டத்தில் இருக்கிறது இவ்வூர். பெயரின் பொருள் 'போப்பாண்டவரின் புதுக்கோட்டை'. போப்பாண்டவர் ஐந்தாம் கிளமென்ட் ரோமுக்குப் போகாமல் 1309-இல் அவிஞ்ஞோனுக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு அடுத்து வந்த இருபத்திரண்டாம் ஜான் இங்குள்ள மேட்டின் மேல் கோடையில் வந்து தங்குவதற்கு ஒரு கோட்டை கட்டினார். ஊருக்கு முன்பு இருந்த பெயர் ஷாத்தோநெஃப்-கால்செர்னியே. அந்தப் பின்னொட்டு இங்கிருந்த சுண்ணாம்புக் காளவாய்களைக் குறித்தது. போப்பாண்டவரின் பெயர் ஊருக்கு அதிகாரபூர்வமாக வந்தது 1893-இல்தான்.

விளைநிலம் ஷாத்தோநெஃப், ஓராஞ்ஜ், கூர்தெசோன், பெதாரீத், சோர்க் ஆகிய ஐந்து ஊர்களில் ஏறத்தாழ 3,200 ஹெக்டேர், அதாவது எட்டாயிரம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகப் பரந்து கிடக்கிறது. அதில் விளைவது பெரும்பாலும் சிவப்பு ஒயின். வெள்ளை சிறு பங்கே. 1936-இல், பிரான்சில் முதன்முதலாகப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு பெற்ற ஒயின் ஊர்களுள் இதுவும் ஒன்றாயிற்று.

அந்தப் பாதுகாப்புக்கு வழி வகுத்தவர் பாரன் பியேர் லெ ருவா என்னும் வழக்கறிஞர். மற்ற ஊர்ச் சரக்கை இவ்வூர்ப் பெயரில் விற்கும் மோசடியைத் தடுக்க 1923-இலிருந்தே தோட்டக்காரர்களைத் திரட்டிய அவர், எந்த நிலத்துத் திராட்சைக்கு இந்தப் பெயர் பொருந்தும் என்பதற்கு ஓர் அளவுகோலை முன்வைத்தார்: காட்டுத் தைம் செடியும் லாவண்டர் செடியும் தாமாக முளைக்கும் அளவுக்கு வறண்ட நிலமாக இருக்க வேண்டும். வளமான, ஈரம் நிறைந்த மண்ணை வேண்டுமென்றே ஒதுக்கிய விதி இது. இயற்கை வேளாண்மை என்ற பேச்சே அங்கு எழாத காலத்தில் வகுக்கப்பட்ட இந்த ஒரு விதி, பிற்காலத்தில் இயற்கை வேளாண்மைக்கு எவ்வளவு துணை நின்றது என்பதைக் கீழே வரும் விடைகளில் காணலாம்.

'ஆர்கானிக் ஒயின்' என்றால் சட்டப்படி என்ன பொருள்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 அறுவடைக்கு முன்பு 'ஆர்கானிக் ஒயின்' என்ற சொல்லுக்கே சட்டத்தில் இடம் இருக்கவில்லை. 'இயற்கை வேளாண்மையில் விளைந்த திராட்சையிலிருந்து செய்த ஒயின்' என்று மட்டுமே எழுதலாம். விதிகள் தோட்டத்து வேலியோடு நின்றன, திராட்சை உள்ளே போன பிறகு ஒயின் செய்யும் நிலவறையில் நடப்பதை அவை கேட்கவில்லை. 2012-இல் வந்த விதிமுறை நிலவறைக்குள்ளும் நுழைந்தது. 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருப்பது அதற்குப் பின் வந்த புதிய சட்டம்.

தோட்டத்தில் செயற்கை உரம், களைக்கொல்லி, செயற்கைப் பூச்சிக்கொல்லி, செயற்கைப் பூஞ்சைக்கொல்லி எதற்கும் இடமில்லை. மரபணு மாற்றம் செய்த எதுவும் கூடாது. ஏற்கெனவே ரசாயனம் பார்த்த தோட்டம் மாற வேண்டுமென்றால் மூன்று ஆண்டுகள் இந்த விதிப்படி நடந்த பிறகுதான் அதன் விளைச்சல் சான்று பெறும். அந்த மூன்று ஆண்டுகளில் செலவு இயற்கை விவசாயத்தின் செலவு, கிடைப்பதோ பழைய விலை. சிறு தோட்டக்காரர் பலர் தயங்கி நிற்பது இந்த வாசலில்தான்.

'இயற்கை ஒயின்' என்று வேறொரு சொல்லும் புழங்குகிறது. கிட்டத்தட்ட எதுவும் சேர்க்காமல், எதையும் எடுக்காமல் செய்யும் ஒயினுக்கு அதன் அன்பர்கள் வைத்த பெயர் அது. ஆர்கானிக் சான்றோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

செயற்கைப் பூஞ்சைக்கொல்லி தெளிக்காமல் திராட்சையை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

திராட்சைக்கு இரண்டு நோய்கள் பெரிய பகை. ஒன்று சாம்பல் நோய், மற்றொன்று அடிச்சாம்பல் நோய். இரண்டுமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவை. இவற்றுள் கொடியது அடிச்சாம்பல். அதன் வித்துகள் உதிர்ந்த இலைகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தத்தில் மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறிக்கும்போது இளந்தளிரில் போய் ஒட்டிக்கொள்ளும். திராட்சைக்காரர்கள் இதற்கு 'மூன்று பத்து' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: தளிர் 10 சென்டிமீட்டர் வளர்ந்திருந்து, வெப்பம் 10 டிகிரிக்கு மேல் இருந்து, 10 மில்லிமீட்டர் மழையும் பெய்தால் முதல் தாக்குதலை எதிர்பார்க்கலாம். ஒட்டிய வித்து உள்ளே நுழைய இலையின் மேல் நீர் நிற்க வேண்டும். இலை காய்ந்துவிட்டால் வித்துக்கு வழியில்லை.

மிஸ்த்ரால் காற்றின் அருமை விளங்குவது இங்கேதான். வடக்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கின் குறுகிய வாய் வழியாகப் பாய்ந்து வரும் இந்தக் குளிர்ந்த வறண்ட காற்று, ஆண்டில் நூறு நாட்களுக்கும் மேல் வீசும். சில நாட்களில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். அவ்வட்டாரத்துப் பழைய பண்ணை வீடுகளின் வடக்குச் சுவரில் சன்னல் இராது. சைப்ரஸ் மரங்களை வரிசையாக நட்டு வேலி போல் காற்றைத் தடுத்திருப்பார்கள். மழை பெய்த மறுநாள் மிஸ்த்ரால் எழுந்தால், நண்பகலுக்குள் கொடியின் உள்ளிலை வரை உலர்ந்துவிடும். ஈரமான ஊர்களில் டிராக்டர் கொண்டு மருந்தடித்து முடிக்க வேண்டிய வேலையை இங்கே காற்று செய்துவிடுகிறது. பழம் முற்றும் செப்டம்பரிலும் குலைகளுக்கிடையே புகுந்து ஈரத்தை விரட்டி, அழுகல் வராமல் பார்த்துக்கொள்வதும் இதே காற்றுதான்.

காற்றால் சேதமும் உண்டு. பூக்கும் நேரத்தில் பலமாக வீசினால் காய் பிடிப்பது குறையும். சிரா என்னும் ரகத்தின் தண்டு எளிதில் முறிந்துபோவதால் அதைக் கம்பியில் கட்டி வளர்க்கிறார்கள். கிரெனாஷ் ரகத்தின் கட்டையோ தடித்து நிமிர்ந்து நிற்கும். இக்காற்றுக்கென்றே பிறந்தது போல அது தன் காலில் நின்றுகொள்ளும்.

தாமிரமும் கந்தகமும் தெளிக்கிறார்களே, அவை ரசாயனம் இல்லையா?

நியாயமான கேள்வி. இவ்வளவு காற்று வீசியும், மருந்தே அடிக்காத ஆண்டு என்று எதுவும் இல்லை. சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள்; அடிச்சாம்பலுக்கு மயில்துத்தம் என்னும் தாமிர உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. இதன் பயனை 1885-இல் எழுதி வெளியிட்டவர் போர்டோ பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் மில்லார்தே. வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் பூசியிருந்த நீலக் கலவை, அந்தக் கொடிகளை மட்டும் நோயிலிருந்து காத்திருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

இவை இரண்டும் கனிமப் பொருள்கள். தொழிற்சாலையில் புதிதாகக் கோத்தெடுத்த கரிம மூலக்கூறுகள் அல்ல என்பதால் சட்டம் அனுமதிக்கிறது. அதனால் தாமிரம் தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. அது ஓர் உலோகம். மண்ணில் சிதையாது, ஆண்டுக்காண்டு சேரும். மிகுந்தால் மண்புழுவையும் மண்ணின் நுண்ணுயிர்களையும் வாட்டும். ஆகவேதான் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு ஹெக்டேரில் மொத்தம் 28 கிலோ தாமிரம், அதாவது சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன் இயற்கை விவசாயிக்கு இருந்த வரம்பு சராசரியாக ஆண்டுக்கு 6 கிலோ. ஆர்கானிக் என்ற சொல்லை மதிப்பவர்கள் இதை மறைக்காமல் பேச வேண்டும் என்பது நம் கருத்து. வறண்ட, காற்றோட்டமான ஊரில் இந்த வரம்புக்குள் நிற்பது பெரிய பாடில்லை. மழை மிகுந்த ஊரில் அது ஒவ்வோர் ஆண்டும் கயிற்றின் மேல் நடப்பது.

அப்படியானால் 2018-இல் இவ்வூர்த் தோட்டங்கள் ஏன் அவ்வளவு அடிபட்டன?

அந்த ஆண்டு வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் தென் ரோனில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தது, வெப்பமும் இருந்தது, மழைக்கும் மழைக்கும் இடையே காற்று வந்து உலர்த்த நேரம் போதவில்லை. அடிச்சாம்பல் இலையோடு நிற்காமல் குலைக்கும் பரவி, பட்டாணி அளவுப் பிஞ்சுகள் பழுப்பேறிச் சுருங்கின. நோய்க்கு எளிதில் இரையாகும் கிரெனாஷே இங்கு மிகுதியும் பயிராவதால் இழப்பு பெரிதாயிற்று; அதிலும் இயற்கை விவசாயத் தோட்டங்களின் இழப்பு கூடுதல்.

காரணம் மருந்தின் இயல்பில் இருக்கிறது. செயற்கைப் பூஞ்சைக்கொல்லிகளில் பல, கொடியின் சாற்றோடு கலந்து உள்ளிருந்து காக்கும். மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போகாது. தாமிரம் இலையின் மேல் பூச்சாக மட்டும் நிற்கும். கனமழை ஒன்று பெய்தால் போய்விடும். தெளித்த பின் விரிந்த புதிய இலைக்கும் அதனால் காப்பு இல்லை. எனவே ஒவ்வொரு மழைக்கும் முன்பு மீண்டும் தெளிக்க வேண்டும். ஆனால் சேறான நிலத்தில் டிராக்டர் இறங்காது. மழை நிற்கட்டும், மண் காயட்டும் என்று காத்திருந்த இரண்டு மூன்று நாட்களில் விளைச்சல் போய்விட்டது. எந்தக் காற்றை நம்பி ரசாயனத்தை விட்டார்களோ, அந்தக் காற்று ஓர் ஆண்டு வாராது போனால் நிலைமை எப்படி இருக்கும் என்பதை 2018 காட்டிற்று.

படங்களில் தெரியும் அந்த உருண்டைக் கற்கள் எதற்கு?

யாரும் கொண்டுவந்து கொட்டியவை அல்ல. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ரோன் ஆறு ஆல்ப்ஸ் மலைப்பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டு வந்து, உருட்டி வழவழப்பாக்கி, பின்பு வழி மாறியபோது மேட்டில் விட்டுப்போன குவார்ட்சைட் கற்கள் அவை. கோழிமுட்டை முதல் தேங்காய் வரை எல்லா அளவிலும் கிடக்கும். சில வயல்களில் மண்ணே கண்ணுக்குத் தெரியாது; கற்குவியலிலிருந்து கொடி முளைத்தது போலத் தோன்றும்.

இக்கற்கள் பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குக் கொடுக்கின்றன, அதனால் பழம் நன்கு முற்றுகிறது என்பது எல்லாரும் சொல்லும் விளக்கம். பொய்யில்லை; ஆனால் ஏற்கெனவே வெயிலுக்குக் குறைவில்லாத ஊரில் கூடுதல் சூடு எப்போதும் வரமன்று. அண்மைக் கால வெப்ப அலைகளில் அது பாரமாகவே ஆகியிருக்கிறது. இக்கற்களால் கிடைக்கும் பெரிய உதவி வேறு என்று நாம் கருதுகிறோம். ஆகஸ்ட் நடுப்பகலில் மேல் கல்லில் கை வைக்க முடியாது. அந்தக் கல்லை விலக்கி, அதன் கீழுள்ள கல்லையும் விலக்கி, சிவந்த களிமண்ணில் ஒரு சாண் தோண்டினால் விரலில் குளிர்ச்சி தட்டும். கற்கள் மண்ணுக்குப் போட்ட மூடாக்கு. வைக்கோல் மூடாக்கைப் போல மக்கிப் போகாமல், மழைநீரை உள்ளே விட்டு, வெயில் அதைத் திரும்ப எடுத்துவிடாமல் தடுக்கின்றன. அடியில் உள்ள களிமண் குளிர்கால மழையைக் கடற்பஞ்சு போலப் பிடித்துவைக்க, கொடியின் வேர் அதைத் தேடி ஆழமாக இறங்குகிறது.

கற்கள் களையையும் ஓரளவு அடக்குகின்றன. எஞ்சிய களையை, களைக்கொல்லி தொடாத தோட்டக்காரர் கொடிகளுக்கிடையே உழுதும், கொடியின் அடியில் மண்வெட்டியால் கொத்தியும்தான் எடுக்க வேண்டும். உழுமுனை ஒவ்வோர் அடிக்கும் கல்லில் மோதும்; கொழு சீக்கிரம் தேய்ந்து மழுங்கும். ஆர்கானிக் பாட்டிலின் விலையில் இந்தக் கூலியும் இந்த இரும்பும் அடங்கியிருக்கின்றன.

ஊர் முழுவதும் இப்படிக் கல் நிலம்தானா?

இல்லை. சுண்ணாம்புப் பாறைச் சில்லு நிலமும் உண்டு, மணல் நிலமும் உண்டு. புகழ்பெற்ற ரயாஸ் தோட்டம் மணலில், காட்டு மரங்களுக்கு நடுவே இருக்கிறது. உருண்டைக் கல் அங்கே இல்லை. மணல் நிலத்துக் கிரெனாஷ் நிறம் வெளுத்து, மணம் நுண்மையாக, துவர்ப்பு மென்மையாக வரும். கல்லும் களியும் கலந்த நிலத்துப் பழத்தில் நிறமும் துவர்ப்பும் கூடும். பலர் இரண்டையும் கலந்தே ஒயின் செய்கிறார்கள்.

கொடிகள் ஏன் பந்தலில் ஏறாமல் புதர் போலக் குட்டையாக நிற்கின்றன? தண்ணீர் பாய்ச்சுவதில்லையா?

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சையின் பந்தலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வியப்பாக இருக்கும். இங்கே கொடியைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தடித்த கட்டையாக நிறுத்தி, அதன் தலையில் நான்கைந்து கிளைகளை மட்டும் கிண்ணம் போல விரித்துவிட்டு, குளிர்காலந்தோறும் ஒட்டக் கவாத்து செய்கிறார்கள். அவர்கள் இவ்வடிவத்துக்கு வைத்த பெயருக்கே 'கோப்பை' என்று பொருள். குட்டையாக இருப்பதால் காற்று சாய்க்காது. இலைகள் குடையாகக் கவிந்து குலைக்கு நிழல் தரும். நடுவில் திறந்திருப்பதால் காற்று புகுந்து புறப்படும். நீரும் குறைவாகவே செலவாகும். கூர்ந்து பார்த்தால் மிஸ்த்ராலும் வெயிலும் சேர்ந்து செதுக்கிய வடிவம் என்றே சொல்லத் தோன்றும்.

காய்க்கும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது பொதுவாகத் தடை. கடும் வறட்சியில் அனுமதி பெற்று, வரம்புக்குள் மட்டும் செய்யலாம். விளைச்சலுக்கும் அடிப்படை வரம்பாக ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர், அதாவது 3,500 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு ஹெக்டேரில் மூவாயிரம் கொடி என்று வைத்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் உழைத்த ஒரு கொடிக்கு ஏறக்குறைய ஒன்றரை பாட்டில். அறுவடைக்கு இயந்திரம் கூடாது. எல்லாமே கையால் வெட்டுவது. அழுகியதும் முற்றாததும் அங்கேயே கழிக்கப்படும்.

பூச்சிகளை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

குலையைத் துளைக்கும் திராட்சை அந்துப்பூச்சிக்கு, பெண்பூச்சியின் இனக்கவர்ச்சி மணத்தைச் சிறு குழல்களில் அடைத்துத் தோட்டமெங்கும் கட்டிவிடுகிறார்கள். எங்கும் அதே மணம் வீசுவதால் ஆண்பூச்சிக்குத் துணை இருக்கும் இடம் தெரியாமல் போகிறது. ஒருவர் மட்டும் கட்டினால் பயன் குறைவு. பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர வேண்டும்.

இலைத்தத்துப்பூச்சி பரப்பும் தங்கமஞ்சள் நோய்தான் கடினம். மருந்தில்லாத அந்நோய் கண்ட கொடியைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது சட்டம். அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பூச்சிக்கு மருந்தடிப்பதும் கட்டாயம். இயற்கை விவசாயிகள் சாமந்திக் குடும்பத்துப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது நன்மை செய்யும் பூச்சிகளையும் கொல்லும் என்பதால் மனமில்லாமல் செய்யும் வேலை அது.

வேரைத் தின்னும் ஃபைலாக்சரா பூச்சி 1860-களில் ரோன் பகுதியில்தான் பிரான்சுக்கு முதலில் தெரிய வந்தது. அதற்கு மருந்து கிடைக்கவே இல்லை. அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுவதுதான் இன்றுவரை வழி. ஆர்கானிக் கொடியும் அப்படி ஒட்டுக் கட்டியதே.

எந்தத் திராட்சை ரகங்கள்?

பதின்மூன்று ரகங்களுக்கு அனுமதி உண்டு என்பது மரபான கணக்கு. ஒரே ரகத்தின் வெள்ளை, இளஞ்சிவப்பு, கறுப்பு வகைகளைத் தனித்தனியே எண்ணினால் பதினெட்டு. ஆனாலும் அரசாள்வது கிரெனாஷ். பழச்சுவையையும் உடல்கட்டையும் அது தருகிறது. சிரா நிறத்தைத் தருகிறது. தாமதமாக முற்றும் மூர்வேத்ர் துவர்ப்பையும் நீண்ட ஆயுளையும் தருகிறது. மூர்வேத்ர் 'முகம் வெயிலிலும் கால் தண்ணீரிலும்' இருக்க விரும்பும் கொடி என்பது அந்நாட்டுச் சொலவடை. வெயில் எங்கும் உண்டு. கால் நனையக் களிமண் வேண்டும். ஆகவே அதை எங்கே நடுவது என்பதே ஒரு கலை.

வடக்கு எல்லையில் கூர்தெசோன் ஊரில் இருக்கும் ஷாத்தோ தெ போகாஸ்தெல் தோட்டம் பதின்மூன்றையும் இன்றுவரை பயிரிடுகிறது; தன் சிவப்பு ஒயினில் கிரெனாஷுக்குச் சமமாக மூர்வேத்ரைச் சேர்ப்பது அதன் தனி வழக்கம். ஜாக் பெரான் என்பவர் பொறுப்பில் 1960-கள் முடிவதற்குள் ரசாயனத்தைக் கைவிட்டு, 1974 முதல் பயோடைனமிக் முறைக்கு நகர்ந்த தோட்டம் அது. அக்கம்பக்கத்தவர் எல்லாரும் ரசாயன மருந்தை முன்னேற்றம் என்று வரவேற்ற காலத்தில் எடுத்த முடிவு என்பதால் அவர் பெயரை இங்கே சொல்லாமல் போக முடியாது.

பயோடைனமிக் என்பது வேறா?

ஆர்கானிக் விதிகள் அனைத்தும் அதற்கும் உண்டு. அவற்றுக்கு மேல், ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஷ்டைனர் 1924-இல் ஆற்றிய உரைகளிலிருந்து வந்த நடைமுறைகள் சேரும். பசுக்கொம்பில் சாணம் அடைத்துக் குளிர்காலம் முழுதும் புதைத்து, எடுத்து, நீரில் நெடுநேரம் கலக்கி மண்ணில் தெளிப்பது அவற்றுள் ஒன்று. வேலை நாட்களை நிலவின் நிலை பார்த்து வகுப்பது இன்னொன்று. இவற்றின் பயனை அறிவியல் நிறுவிவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் நாள்தோறும் கொடியைப் போய்ப் பார்க்க வைக்கும் முறை என்ற அளவில் அதற்கு மதிப்பு உண்டு.

இவ்வளவு வெயிலில் ஆல்கஹால் அதிகமாகாதா?

ஆகத்தான் செய்கிறது. சட்டம் கேட்கும் குறைந்த அளவு 12.5 சதவீதம். இன்று பெரும்பாலான பாட்டில்களில் 14.5 அல்லது 15 என்று இருக்கும். சர்க்கரை சேர்க்க இங்கு யாருக்கும் அனுமதி இல்லை. முழுவதும் பழத்தின் இனிப்பிலிருந்து வருவது. சூடு ஏற ஏற இனிப்பு விரைந்து ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. தோலின் துவர்ப்போ தன் நேரத்தில்தான் பக்குவப்படுகிறது. துவர்ப்புக்காகக் காத்திருந்தால் ஆல்கஹால் மிகும், புளிப்புக்காக முந்தினால் துவர்ப்பு கரடாக நிற்கும். ஆல்கஹால் அளவைக் கருவிகளால் குறைத்துச் சரிக்கட்டும் வழி ஆர்கானிக் ஒயினுக்கு மூடப்பட்டிருப்பதால், இந்தக் கணக்கை அவர்கள் தோட்டத்திலேயே தீர்க்க வேண்டும்: இலையைக் கிள்ளாமல் நிழலுக்கு விடுவது, வடக்குச் சரிவுகளில் நடுவது, தாமதமாக முற்றும் ரகங்களையும் புளிப்பு மிகுந்த கூனுவாஸ் போன்ற ரகங்களையும் கூட்டுவது, விடியற்காலையில் அறுப்பது.

2019 ஜூன் 28 அன்று ரோனுக்கு மேற்கே கார், எரோ மாவட்டங்களில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டியபோது, இலையும் காயும் ஒரே பிற்பகலில் தீய்ந்து போயின. சமீபத்தில் கந்தகம் தூவிய கொடிகள் மேலும் கருகின. கந்தகம் கடும் வெப்பத்தில் இலையைச் சுடும். நோய்க்கு இட்ட மருந்து வெயிலில் நஞ்சாகும் இந்த இக்கட்டு, இயற்கை விவசாயிக்கு வரும் ஆண்டுகளின் பெரிய கவலை.

ஆர்கானிக் ஒயினில் சல்ஃபைட் இருக்காதா?

இருக்கலாம், பெரும்பாலும் இருக்கும். சல்ஃபைட் ஒரு கந்தகச் சேர்மம். நொதிக்கும்போது ஈஸ்ட் தானே சிறிதளவு உண்டாக்கும். கெடாமல் காக்கவும் சேர்ப்பார்கள். ஐரோப்பாவில் இனிப்பில்லாத சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதி, ஆர்கானிக்குக்கு 100. 10 மில்லிகிராமைத் தாண்டினாலே பாட்டிலில் குறிப்பிட வேண்டும். அமெரிக்க விதி வேறு: அங்கே 'ஆர்கானிக் ஒயின்' என்று எழுத, சல்ஃபைட் சேர்க்கவே கூடாது. அதனால் ஐரோப்பாவில் ஆர்கானிக் ஆன அதே ஒயின் அமெரிக்காவில் 'ஆர்கானிக் திராட்சையால் செய்தது' என்ற பெயரில் விற்கப்படும். சல்ஃபைட் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் 'ஆர்கானிக்' என்ற சொல்லை மட்டும் நம்பி விட வேண்டாம்.

இது சைவமா?

ஆர்கானிக் சான்று அதற்கு உறுதி தருவதில்லை. ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றை ஆர்கானிக் விதியும் அனுமதிக்கிறது. சிவப்பு ஒயினில் வெள்ளைக்கரு பழைய வழக்கம். எதுவும் சேர்க்காமல் காலத்தால் தெளிய விடுபவர்களும் உண்டு. சைவர்கள் பாட்டிலில் 'வீகன்' குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே வழி.

பாட்டிலில் பொறித்த திறவுகோல் சின்னம் ஆர்கானிக் சான்றா?

அன்று. போப்பாண்டவரின் மணிமுடியும் அதன் கீழ் குறுக்காக வைத்த புனித பேதுருவின் திறவுகோல்களும் 1937 முதல் இவ்வூர்ப் பாட்டில்களின் கண்ணாடியிலேயே புடைத்து நிற்கின்றன. அது ஊரின் அடையாளம். இயற்கை முறை, ரசாயன முறை இரண்டிலும் விளைந்தவற்றுக்குப் பொது. ஆர்கானிக் என்பதற்குப் பார்க்க வேண்டியது, பச்சைப் பின்னணியில் விண்மீன்களால் இலை வரைந்த ஐரோப்பியக் குறியும், அதனருகே சான்றளித்த அமைப்பின் எண்ணும்.

குடித்துப் பார்த்தால் ஆர்கானிக் என்று தெரியுமா?

தெரியாது என்பதே நேர்மையான விடை. நன்கு முற்றிய பிளம், உலர்ந்த அத்தி, மிளகு, வெயிலில் காயும் தைம், தோல் பதனிட்டது போன்ற ஒரு மணம் எல்லாம் நல்ல ஷாத்தோநெஃப் எதிலும் வரும். அதைத் தீர்மானிப்பவை மண், ரகம், ஆண்டு, செய்பவரின் கை. பாட்டிலில் தெரியாத வேறுபாடு தோட்டத்தில் தெரியும்: மழைக்காலத்தில் வரிசைகளுக்கிடையே பூத்த புல், மண்வெட்டியில் வந்த மண்புழு, மருந்தடிக்கும் கூலியாளின் நுரையீரல். வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இவற்றுக்கு என்று எண்ணிக் கொடுத்தால் ஏமாற்றம் இராது.

ஆர்கானிக் என்பதால் உடலுக்கு நல்லதா?

இல்லை. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வகைப்படுத்தியிருக்கிறது. தீங்கற்ற குடி அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 15 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் ஆர்கானிக் ஆனாலும் 15 சதவீதமே. கருவுற்றோரும் மருந்து உட்கொள்வோரும் தொடக்கூடாது. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதும் இல்லை.

எந்தச் சூட்டில் பரிமாற வேண்டும்? எத்தனை நாள் வைக்கலாம்?

16 முதல் 18 டிகிரி. 'அறை வெப்பம்' என்று பழைய நூல்கள் சொல்வது ஐரோப்பியக் கல்வீட்டின் அறையை. நம் ஊர்ச் சித்திரை மாத அறையில் ஆல்கஹால் நெடி மட்டுமே மேலெழும். ஊற்றுவதற்கு அரை மணி முன்பு குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். திறக்காத பாட்டிலை இருட்டில், 12 முதல் 14 டிகிரியில் படுக்க வைத்தால் நல்ல ஆண்டின் ஒயின் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாங்கும். நாள்பட்டவற்றில் அடியில் வண்டல் சேரும். கெட்டுப்போனதன் அறிகுறி அன்று. முதல் நாளே பாட்டிலை நிறுத்தி வைத்து, மறுநாள் அசைக்காமல் வேறு குடுவையில் வடித்து, கழுத்தில் கறுப்புக் கோடு வந்ததும் நிறுத்திவிடலாம்.